அடுப்படிக்கு ஒரு விளக்கு

பங்காருபேட்டையில் ஒரு வீடு. முன்னால் கூடம். பின்னால் அடுப்படி. கூடத்தில் ஒரு லைட் இருக்கிறது. ஒரு காற்றாடி இருக்கிறது. டி.வி.க்கு ஒரு பிளக் இருக்கிறது. அடுப்படியில் ஒன்றும் இல்லை.

அந்த வீட்டு அம்மா பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர். விடியற்காலை ரயிலைப் பிடிக்க வேண்டும். பங்காருபேட்டையிலும் கோலார் தங்கவயலிலும் இப்படித் தினமும் ரயில் ஏறுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு அடுப்பு, சேவல் கூவும் முன்பே எரிய வேண்டும்.

கூடத்து லைட்டைப் போட்டால் பிள்ளைகள் விழித்துக்கொள்கிறார்கள். போடாவிட்டால் அடுப்படி இருட்டு. அரிசியில் கல் கிடந்தாலும் தெரியாது. மிளகாய்த்தூள் டப்பா எது, மஞ்சள்தூள் டப்பா எது என்பதும் தெரியாது. கொதிக்கும் பானையை இருட்டில் இறக்குவது ஆபத்து.

அடுப்படிக்கு ஒரு லைட் வேண்டும். அதை எப்படிச் சேர்ப்பது?

கொழுந்தன் சொன்ன யோசனை

"இது ஒரு பெரிய வேலையா அண்ணி? கூடத்து பல்பு ஹோல்டரில் ரெண்டு ஒயரை முறுக்கி இழுத்துவிட்டால் போதும். கடையில் ஒயர் வாங்கி வருகிறேன்" என்றார் கொழுந்தன்.

அந்த அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. தெரிந்த வயர்மேன் ஒருவரை அழைத்தார். அவர் உரிமம் பெற்றவர். வந்தவர் முதலில் பிளையரை எடுக்கவில்லை. பேப்பரும் பென்சிலும் கேட்டார்.

"எதுக்குத் தம்பி பேப்பர்?"

"கணக்குப் போடணும் அக்கா. லைட்டை மாட்டுவது பிறகு. இந்த லைன் தாங்குமா என்று முதலில் பார்க்கணும்."

மூன்று ஒயர், மூன்று வேலை

வயர்மேன் சொன்னதை நாமும் தெரிந்துகொள்வோம்.

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். வீட்டுக்குள் மூன்று வகை ஒயர் ஓடுகிறது.

சிவப்பு ஒயர் பேஸ். மின்சாரம் இதன் வழியாக வருகிறது. இதைத் தொட்டால் ஷாக் அடிக்கும்.

கறுப்பு ஒயர் நியூட்ரல். வந்த மின்சாரம் இதன் வழியாகத் திரும்பிப் போகிறது.

பச்சை ஒயர் எர்த். இது பாதுகாப்புக்காக மட்டும் இருக்கிறது. இஸ்திரிப் பெட்டி, மிக்சி போன்ற சாமானின் இரும்பு உடம்பில் மின்சாரம் கசிந்தால், அதை மண்ணுக்குள் கொண்டுபோவது இதன் வேலை.

பழைய வீடுகளில் இந்த நிறங்களை நம்பிவிடக் கூடாது. கையில் கிடைத்த ஒயரைப் போட்டிருப்பார்கள். சோதித்துப் பார்த்த பிறகே எது எந்த ஒயர் என்று சொல்ல வேண்டும்.

லைட் எரிய பேஸும் வேண்டும், நியூட்ரலும் வேண்டும். பேஸ் ஒயர் முதலில் சுவிட்சுக்குப் போகும். அங்கிருந்து ஹோல்டருக்குப் போகும். நியூட்ரல் நேராக ஹோல்டருக்குப் போகும். சுவிட்ச் என்பது ஒரு கதவு. அந்தக் கதவு பேஸ் வரும் வழியில்தான் இருக்க வேண்டும்.

"நியூட்ரலில் சுவிட்ச் வைத்தால் லைட் எரியாதா தம்பி?"

"எரியும் அக்கா. அணையும். அதுதான் வம்பு. லைட் அணைந்திருக்கும், ஆனால் ஹோல்டரில் மின்சாரம் காத்துக்கொண்டு நிற்கும். பல்பு மாற்றப் போகிறவர் கையில் அடிக்கும்."

தப்பான மூன்று வழிகள்

கொழுந்தன் சொன்னது முதல் தப்பு. கூடத்து ஹோல்டரில் ஒயரை முறுக்கினால், கூடத்து சுவிட்சைப் போட்டால்தான் அடுப்படி லைட் எரியும். பிள்ளைகள் தூங்குவதற்காகத் தனி லைட் கேட்டோம். அது நடக்காது. முறுக்கிய ஒயர் நாளடைவில் தளரும். தளர்ந்த இடம் சூடாகும். தீப்பொறி வரும்.

இரண்டாவது தப்பு, ஒரே ஒயரில் ஒரு பல்புக்குப் பின் இன்னொரு பல்பைக் கோப்பது. பூமாலை கட்டுவதுபோல் கோத்தால், 230 வோல்ட்டை இரண்டு பல்பும் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரே அளவுள்ள இரண்டு குண்டு பல்பு என்றால் ஆளுக்கு 115 வோல்ட். இரண்டும் மங்கலாக எரியும். ஒன்று பியூஸ் ஆனால் மற்றதும் அணையும். ஏணியின் இரண்டு கால்களுக்கு நடுவே படிகள் இருப்பதைப் பாருங்கள். ஒரு கால் பேஸ், ஒரு கால் நியூட்ரல். ஒவ்வொரு லைட்டும் ஒரு படி. ஒரு படி உடைந்தாலும் மற்றப் படிகள் நிற்கும். வீட்டு லைட்டுகள் இப்படித்தான் இருக்க வேண்டும்.

மூன்றாவது தப்பு மிகக் கொடியது. நியூட்ரல் கிடைக்கவில்லை என்று சிலர் எர்த் ஒயரில் மாட்டுகிறார்கள். சிலர் தண்ணீர்க் குழாயில் கட்டுகிறார்கள். லைட் எரியத்தான் செய்யும். ஆனால் எங்கோ மண்ணுக்குள் அந்த எர்த் அறுந்துவிட்டால் என்ன ஆகும்? குழாயிலும், எர்த்தோடு சேர்ந்த எல்லா இரும்புச் சாமானிலும் மின்சாரம் ஏறி நிற்கும். குழாயைத் திறக்கும் குழந்தையின் கையில் அது பாயும்.

கணக்குப் போடுவோம்

வயர்மேன் பேப்பரில் எழுதினார்.

கூடத்து எல்.இ.டி. பல்பு: 9 வாட்
காற்றாடி: 75 வாட்
டி.வி.: 100 வாட்
அடுப்படிக்குப் புது பல்பு: 9 வாட்
மொத்தம்: 193 வாட்

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வரும். 193ஐ 230ஆல் வகுத்தால் 1 ஆம்பியருக்கும் குறைவு. இந்த லைனுக்கு 5 ஆம்பியர் பியூஸ் போட்டிருக்கிறது. 5 ஆம்பியர் என்றால் 1,150 வாட் வரை. ஆகவே லைன் தாங்கும்.

லைட், காற்றாடிக்கான ஒரு லைனில் 10 பாயிண்ட்டுக்கு மேல் வேண்டாம், 800 வாட்டுக்கு மேல் வேண்டாம் என்பது வயரிங் செய்பவர்களின் வழக்கமான அளவு. நம் வீட்டுக் கணக்கு அதற்கும் உள்ளேதான் இருக்கிறது.

"அப்போ இஸ்திரிப் பெட்டியையும் இதே பிளக்கில் போடலாமா தம்பி?"

"அது 1,000 வாட் அக்கா. 193ஓடு சேர்த்தால் 1,193. பியூஸின் அளவைத் தாண்டிவிடும். அதுக்குத் தனி லைன், தடிமனான ஒயர், பெரிய பிளக் வேணும்."

பியூஸ் அடிக்கடி போகிறது என்று சிலர் தடிமனான செம்புக் கம்பியைச் சுற்றிவிடுகிறார்கள். அது வாசல் காவல்காரனைத் தூங்க வைப்பது போன்றது. ஒயர் சூடானாலும் பியூஸ் போகாது. சுவருக்குள்ளேயே ஒயர் உருகும். வீடு பற்றும்.

கேட்டு வாங்க வேண்டியவை

கடைக்குப் போகும் முன் பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள். படிக்கத் தெரிந்ததன் பலன் இங்கே தெரியும்.

ஒயர்: லைட்டுக்குச் செம்பு ஒயரில் குறைந்தது 1 சதுர மில்லிமீட்டர் வேண்டும். 1.5 போட்டால் இன்னும் நல்லது. சிவப்பு, கறுப்பு, பச்சை மூன்றும் வாங்க வேண்டும். ஒயரின் மேலேயே ஐ.எஸ்.ஐ. முத்திரை அச்சாகி இருக்கும். படித்துப் பாருங்கள்.

மற்றவை: பி.வி.சி. பைப், சுவிட்ச் பெட்டி, சுவிட்ச், ஹோல்டர், 9 வாட் எல்.இ.டி. பல்பு.

9 வாட் பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு எவ்வளவு ஆகும்? 9 x 5 x 30 = 1,350. ஆயிரம் வாட் மணி நேரம் என்பது 1 யூனிட். ஆகவே 1.35 யூனிட். பழைய 40 வாட் குண்டு பல்பு என்றால் 6 யூனிட் ஆகும்.

வேலை நடக்கிறது

முதலில் மெயினை அணைத்தார். பியூஸ் கேரியரைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தெரியாமல் வேறு யாரும் வந்து மாட்டிவிடக் கூடாது அல்லவா? பியூஸுக்குப் பதில் எம்.சி.பி. உள்ள வீட்டில், அதை அணைத்து மேலே டேப் ஒட்டி, 'தொடாதே' என்று எழுதி வைக்க வேண்டும்.

மெயினை அணைத்ததும் கையை வைத்துவிடவில்லை. டெஸ்டரை முதலில் மெயினுக்கு உள்ளே வரும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எரிந்தது. டெஸ்டர் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தது. பிறகு கூடத்து போர்டில் வைத்தார். எரியவில்லை. டெஸ்ட் லேம்ப் வைத்தும் பார்த்தார். அதுவும் எரியவில்லை. கடைசியில் டெஸ்டரை மறுபடியும் மெயினில் வைத்துப் பார்த்தார். எரிந்தது. இடையில் டெஸ்டர் கெட்டுப் போகவில்லை என்பதும் உறுதியானது.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை அணைத்தாலும் லைனில் மின்சாரம் இருக்கும். அதையும் அணைக்க வேண்டும்.

கூடத்து போர்டில் பிளக் இருந்ததால் பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் அங்கேயே கிடைத்தன. சுவிட்ச் மட்டும் உள்ள போர்டுகளில் பெரும்பாலும் நியூட்ரல் இருக்காது. அது மேலே ஜங்ஷன் பெட்டியில் இருக்கும். அங்கிருந்து கொண்டுவர வேண்டும்.

பைப்பைச் சுவரில் பொருத்தினார். பைப்புக்குள் மூன்று ஒயரையும் இழுத்தார். அடுப்படிச் சுவரில், தோள் உயரத்தில், சுவிட்ச் பெட்டியை வைத்தார். தண்ணீர் தெறிக்கும் இடத்தையும், அடுப்பின் ஆவி படும் இடத்தையும் தவிர்த்தார்.

சிவப்பு ஒயரைச் சுவிட்சின் ஒரு முனையில் மாட்டினார். மறு முனையிலிருந்து ஒரு சிவப்பு ஒயரை ஹோல்டருக்குக் கொண்டுபோனார். கறுப்பு ஒயரை நேராக ஹோல்டருக்குக் கொண்டுபோனார். பச்சை ஒயரைச் சுவிட்ச் பெட்டிவரை கொண்டுவந்து வைத்தார்.

பைப்புக்குள் ஒரு இடத்திலும் ஒயரை ஒட்டுப் போடவில்லை. எல்லா இணைப்பும் பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஸ்க்ரூவுக்கு வெளியே செம்பு தெரியவில்லை. ஒவ்வொரு ஒயரையும் லேசாக இழுத்துப் பார்த்தார். ஒன்றும் கழன்று வரவில்லை.

சில வீடுகளில் பழைய ஒயரின் மேல்தோல் காய்ந்து வெடித்திருக்கும். சில வீடுகளில் அலுமினிய ஒயர் இருக்கும். வெடித்த ஒயரோடு புது லைட்டைச் சேர்க்கக் கூடாது. முதலில் அந்த ஒயரை மாற்ற வேண்டும். அலுமினியத்தையும் செம்பையும் சேர்த்து முறுக்கவும் கூடாது. அந்த இணைப்பு அரித்துப்போய் சூடாகும். அதற்கென்று உள்ள கனெக்டர் போட வேண்டும்.

எல்லாவற்றையும் மூடிய பிறகே பியூஸை மாட்டினார். மெயினைப் போட்டார். புது சுவிட்சை அணைத்தே வைத்து, பல்பு மாட்டாத ஹோல்டரில் டெஸ்டரால் பார்த்தார். எரியவில்லை. சுவிட்ச் சரியாக பேஸ் வழியில் இருக்கிறது என்று அர்த்தம். பிறகு பல்பை மாட்டி, சுவிட்சைப் போட்டார். அடுப்படி வெளிச்சமானது.

அந்த அம்மா கொழுந்தனைப் பார்த்தார். "இப்போ கூடத்து சுவிட்சை அணைத்துப் பாருங்க" என்றார். அவர் அணைத்தார். கூடம் இருட்டானது. அடுப்படி லைட் எரிந்துகொண்டே இருந்தது.

யார் செய்ய வேண்டும்?

பல்பு மாற்றலாம். பியூஸ் போடலாம். ஆனால் புதிதாக ஒயர் இழுத்து லைட் சேர்க்கும் வேலையை, உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் இதைச் சொன்னன. இன்றுள்ள விதிகளும் சொல்கின்றன. வேலையை வயர்மேன் செய்யட்டும். என்ன செய்கிறார் என்று பார்ப்பதும், கேள்வி கேட்பதும் நம் உரிமை.

ஒரே ஒரு லைட்டுக்கென்று கொடுத்த இணைப்புகளும் உண்டு. கர்நாடகத்தின் பாக்ய ஜோதி, 1988-89இல் மத்திய அரசு தொடங்கிய குடீர் ஜோதி ஆகியவை ஏழை வீடுகளுக்கு ஒற்றை விளக்கு கொடுத்த திட்டங்கள். அப்படிப்பட்ட இணைப்பு உள்ளவர்கள், இன்னொரு லைட் சேர்க்கும் முன் மின்சார அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. கோலார் மாவட்டத்துக்கு மின்சாரம் வழங்குவது பெஸ்காம். அதன் புகார் எண் 1912.

பியூஸ் இருந்தால் உயிர் தப்புமா?

இதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். பியூஸ் ஒயரைக் காப்பாற்றும். வீட்டைத் தீயிலிருந்து காப்பாற்றும். ஷாக் அடித்த மனிதரைக் காப்பாற்றும் என்று நம்ப முடியாது.

காரணம் இதுதான். 9 வாட் பல்பு எடுக்கும் மின்சாரம் சுமார் 0.04 ஆம்பியர். அந்த அளவு மின்சாரம் ஒரு மனிதரின் நெஞ்சு வழியாகப் பாய்ந்தால், அதுவே உயிரைக் குடிக்கப் போதும். 5 ஆம்பியர் பியூஸுக்கு இது தூசு. அது அசையாது.

உயிரைக் காக்க வேறு கருவி இருக்கிறது. அதற்கு ஆர்.சி.சி.பி. என்று பெயர். போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 0.03 ஆம்பியர் குறைந்தாலே, யார் உடம்பு வழியாகவோ கசிகிறது என்று கண் இமைக்கும் நேரத்தில் லைனைத் துண்டிக்கும். வாங்கும்போது '30 மில்லி ஆம்பியர்' என்று எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். எர்த்தும் நன்றாக இருக்க வேண்டும்.

யாருக்காவது ஷாக் அடித்தால், அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். அணைக்க முடியாவிட்டால், காய்ந்த கட்டையால் ஒயரைத் தள்ளிவிடுங்கள். 108க்குப் போன் செய்யுங்கள். மூச்சு இல்லை என்றால், நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை விடாதீர்கள்.

தெரிந்துகொள்வோம்: நம் பகுதிக்கு மின்சாரம் வந்த கதை

இந்தியாவில் பல பெரிய நகரங்கள் எண்ணெய் விளக்கில் இருந்த காலம் அது. 1902ஆம் ஆண்டிலேயே கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வந்துவிட்டது. மைசூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்த கே. சேஷாத்ரி ஐயர் காலத்தில் தொடங்கிய திட்டம் அது. காவிரி ஆறு சிவசமுத்திரத்தில் அருவியாக விழுகிறது. அந்த நீரின் வேகத்தில் மின்சாரம் எடுத்தார்கள். சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்துத் தங்கச் சுரங்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு உலகிலேயே மிக நீண்ட மின் தடங்களில் அதுவும் ஒன்று. பெங்களூருத் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததே 1905இல்தான்.

ஆனால் அந்த மின்சாரம் முதலில் வந்தது சுரங்க இயந்திரங்களுக்காக. பூமிக்கு அடியில் இறங்கி உழைத்தவர்களின் வீடுகள் எல்லாம் அதே நாளில் வெளிச்சமாகிவிடவில்லை. சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. ஒவ்வொரு வீட்டுக்கும், வீட்டின் ஒவ்வொரு மூலைக்கும் வெளிச்சம் கொண்டுபோகும் வேலை இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டில் எந்த இடம் இருட்டாக இருக்கிறது? அங்கே யார் அதிக நேரம் வேலை செய்கிறார்கள்?
2. சுவிட்ச் ஏன் பேஸ் ஒயரில் இருக்க வேண்டும்?
3. எர்த் ஒயரை நியூட்ரலாகப் பயன்படுத்தினால் என்ன ஆபத்து?
4. பியூஸுக்கும் ஆர்.சி.சி.பி.க்கும் என்ன வேறுபாடு?

எழுதிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டில் உள்ள லைட், காற்றாடி, டி.வி. ஆகியவற்றின் வாட்டைப் படித்துப் பட்டியல் எழுதுங்கள். கூட்டுங்கள். 230ஆல் வகுங்கள்.
2. 60 வாட் குண்டு பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால், 30 நாளில் எத்தனை யூனிட் ஆகும்?
3. மெயின் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்க, 108, 1912 என்ற இரண்டு எண்களையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

(இரண்டாம் கணக்கின் விடை: 9 யூனிட்)